ஒரு வாசலில் இரண்டு தரை: உயர வேறுபாட்டுக்குக் குறுக்குக் கட்டை செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் புது டைல்ஸ் போட்டால், வேலை முடிந்த அன்றே வாசலில் ஒரு விளிம்பு எழுந்து நிற்கும். இந்தப் பக்கம் மொசைக், அந்தப் பக்கம் டைல்ஸ், நடுவில் அரை இஞ்சுக்கு ஒரு மேடு. அந்த இடத்தில் வாசலின் குறுக்கே போடும் கட்டையைப் பற்றித்தான் இந்தப் பக்கம் பேசுகிறது. பல வருடமாக நான் இந்தக் கட்டைகளைச் செய்து பொருத்தி வருகிறேன். வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த உயர வேறுபாடு எங்கிருந்து வருகிறது? முதலிலேயே தவிர்க்க முடியாதா?

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுவதுதான் முக்கியக் காரணம். டைல் 8 முதல் 10 மி.மீ., கீழே பசை 3 முதல் 6 மி.மீ. ஆக, தரை 11 முதல் 16 மி.மீ. வரை உயரும். பசைக்குப் பதிலாக மணல் சிமென்ட் கலவை போட்டால் ஒன்றரை, இரண்டு இஞ்ச் வரைகூடப் போகும். பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டால் மட்டத்தைச் சமன் செய்யலாம். ஆனால் இடிபாடு, தூசி, கூலி எல்லாம் கூடும். தரைக்குள் போகும் மின்குழாய் உடையும் ஆபத்தும் உண்டு. தவிர, நல்ல சிவப்பு ஆக்சைடு தரையையோ ஆத்தங்குடிக் கல்லையோ உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதை வைத்துக்கொண்டு வாசலில் ஒரு கட்டையைச் சரியாகப் போடுவது நல்லது.

அரை இஞ்ச்தானே? அப்படியே விட்டால் என்ன?

விடாதீர்கள். ஆறு இஞ்ச் படி என்றால் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகத் தூக்கும். அரை இஞ்சைக் கண் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நடக்கும்போது பாதம் தரையிலிருந்து கொஞ்சம்தான் எழும்புகிறது. வயதானவர்களுக்கு அதுவும் குறைந்துவிடும்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டியபோது எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு டைல்ஸ் ஒட்டினோம். கட்டை போட ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. அந்த ஒரு வாரத்தில் அவர் வலது கால் பெருவிரல் நகத்தில் ஒரே இடத்தில் மூன்று முறை அடிபட்டது. விழவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டார். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் மூன்றும் நடந்தன. அன்றிலிருந்து ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற வீடுகளில் நான் ஒரு தற்காலிகச் சாய்வுத் துண்டையாவது ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

கடையில் விற்கும் அலுமினியப் பட்டை போதாதா?

பல இடங்களில் போதும். இரண்டு தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்றால் ‘டி’ வடிவப் பட்டை. ஒரு பக்கம் உயரம் என்றால் சாய்வுப் பட்டை. இரண்டு தரையும் நேர்கோட்டில், சீரான உயரத்தில் இருந்தால் அதை வாங்கி ஒட்டிவிடலாம்.

பழைய வீட்டுத் தரை அப்படி இருக்காது. வாசலின் ஒரு முனையில் 13 மி.மீ. வேறுபாடு, இன்னொரு முனையில் 18. அலுமினியம் வளைந்து கொடுக்காது. ஒரு முனை ஒட்டி நிற்கும், இன்னொரு முனை தூக்கி நிற்கும். மிதிக்க மிதிக்க ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், ஆறு மாதத்தில் பசை விட்டுவிடும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் அளவெடுத்துச் செய்த கட்டை வேண்டும்.

எப்படி அளப்பது? டேப்பை வைத்து ஒரு முறை பார்த்தால் போதுமா?

போதாது. வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரசமட்டத்தை (நீர்க்குமிழி வைத்து மட்டம் பார்க்கும் கருவி) உயரமான தரையில் வைத்து, அதன் முனை தாழ்ந்த தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். ரசமட்டத்துக்கும் தாழ்ந்த தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டிய உயரம். டேப்பால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. நான் டிரில் பிட்டுகளின் தண்டைச் செருகிப் பார்ப்பேன். 12 மி.மீ. தளர்வாகப் போகிறது, 14 போகவில்லை என்றால் உயரம் 13. பிட் இல்லாவிட்டால் அஞ்சலட்டையை அடுக்கி அடுக்கிச் செருகலாம், அடுக்கை அப்புறம் அளந்துகொள்ளலாம். இதை இடது முனை, நடு, வலது முனை என்று குறைந்தது மூன்று இடத்தில் செய்யுங்கள். மூன்றையும் சுவரிலேயே பென்சிலால் எழுதுங்கள். தாளில் எழுதினால் இடது எது வலது எது என்று குழம்பும்.

நீளத்தையும் இரண்டு முறை அளக்க வேண்டும். வாசக்காலின் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முன்பக்கம் 812, பின்பக்கம் 806 என்று வருவது சாதாரணம்.

பிறகு ஒரு கெட்டியான அட்டையை வெட்டி வாசலில் படுக்க வையுங்கள். வாசக்காலின் அடியில் உள்ள வளைவு, கதவு மோதும் வெட்டு எல்லாவற்றையும் அட்டையில் கொண்டுவந்து, கத்திரித்துக் கத்திரித்துச் சரிசெய்யுங்கள். தவறு செய்வதானால் அட்டையில் செய்யுங்கள், தேக்கில் செய்யாதீர்கள். அட்டை எங்கும் உரசாமல் படுத்த பிறகுதான் மரத்தில் கோடு போட வேண்டும்.

ஆசாரிமார் மி.மீ. கணக்கைவிட நூல் கணக்கில் பேசுவார்கள். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ. ‘முனையில் ஒரு நூல் விடுங்கள்’ என்றால் அவருக்கு உடனே புரியும்.

சரிவு எவ்வளவு? அகலம் எவ்வளவு?

உதாரணத்துக்கு மேலே சொன்ன வாசலையே எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச உயரம் 18 மி.மீ.

தாழ்ந்த பக்கத்தில் கட்டையைக் கத்திமுனை மாதிரி பூஜ்யம் வரை இழைக்கக்கூடாது. அந்த மெல்லிய விளிம்பு ஒரே மாதத்தில் சிம்பு சிம்பாகப் பெயரும், வெறுங்காலில் குத்தும். ஒரு நூல், அதாவது 3 மி.மீ. கனம் விட்டு, அதன் மேல் மூலையை மழுக்கிவிட வேண்டும். மீதி 15 மி.மீ. உயரத்தைச் சரிவாக இறக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்கு நான்கு பங்கு நீளம் என்றால் 60 மி.மீ. மேலே கதவுக்கு நேர் கீழே தட்டையாக ஒரு 40 மி.மீ. ஆக மொத்த அகலம் 100 மி.மீ., ஏறக்குறைய நான்கு இஞ்ச். ஐந்து இஞ்ச் வாசக்காலுக்குள் இது அடங்கிவிடும்.

ஒன்றுக்கு இரண்டு என்று செங்குத்தாக இறக்கினால் கட்டை ஒடுக்கமாகும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் ஈரக்காலோடு வருபவருக்கு அது வழுக்கும். நான் ஒன்றுக்கு நான்குக்குக் கீழே இறங்குவதில்லை. இடம் இருந்தால் ஒன்றுக்கு ஆறு.

கணக்கு என்ன சொன்னாலும், கழிவுத் துண்டில் இரண்டு விதச் சரிவு வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் வாசலில் ஒட்டி, ஓர் இரவு விட்டுவையுங்கள். வீட்டில் எல்லோரும் நடந்து பார்க்கட்டும். முக்கியமாக வீட்டிலேயே மூத்தவர். எங்கள் அம்மா இரண்டிலும் நடந்துவிட்டு, ‘இது தெரியவே இல்லை’ என்று ஒன்றைக் காட்டினார். அதைத்தான் செய்தேன்.

கட்டை டைல்ஸ் மேல் ஏறி உட்கார வேண்டுமா, பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டுமா?

டைல்ஸ் விளிம்பு சுத்தமாக, நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தால் ஒட்டி நிற்பதுதான் அழகு. மேல்மட்டம் டைல்ஸோடு ஒன்றாக இருக்கும், காலுக்கு எதுவும் தெரியாது. டைல்ஸ் ஓரம் பொரிந்து, கோணலாக இருந்தால் கட்டையின் உதடு ஒன்று டைல்ஸ் மேல் ஏறி அதை மூட வேண்டியிருக்கும். அந்த உதடு ஒன்றரை நூலுக்கு மேல் கனமாக இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு தடுக்கலை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த மாதிரி ஆகும்.

எனவே டைல்ஸ் போடுபவர் வேலை தொடங்கும் முன்பே இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். டைல்ஸ் எங்கே முடிய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். சாத்திய கதவுக்கு நேர் கீழே முடிந்தால், கதவை மூடும்போது இந்த அறைத் தரை அந்த அறையிலிருந்து தெரியாது.

தாழ்ந்த தரை மேடு பள்ளமாக இருக்கிறது. கட்டை ஆடுகிறதே?

மேல்பக்கம் நேராகவே இருக்கட்டும், அடிப்பக்கத்தைத் தரைக்குத் தக்கபடி இழைக்க வேண்டும். கட்டையைக் கொஞ்சம் கனமாகவே வெட்டி, இடத்தில் வைத்து, கீழே சிறு மரச் சக்கைகள் கொடுத்து மேல்பக்கத்தை டைல்ஸுக்கு இணையாக நிறுத்துங்கள். ஒரு வாஷரின் ஓட்டையில் பென்சில் முனையை வைத்து, வாஷர் தரையை ஒட்டி உருளும்படி கட்டையின் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போங்கள். தரையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அப்படியே கட்டையில் கோடாக விழும். அந்தக் கோடு வரை இழைப்புளியால் எடுத்தால் கட்டை தரையோடு ஒன்றிப் படுக்கும். முதல்முறை செய்யும்போது மந்திரம் மாதிரி இருக்கும்.

என்ன மரம் நல்லது?

வைரம் பாய்ந்த தேக்கு. இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள மரம், கரையான் எளிதில் அண்டாது, ஈரத்துக்கு அதிகம் ஊதாது. ஓரத்தில் வெள்ளை விழுந்த துண்டை வாங்காதீர்கள். தேக்கே ஆனாலும் அந்த வெள்ளையைக் கரையான் தின்னும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் நிலைத் துண்டுகள் இந்த வேலைக்கு அருமையானவை. பல வருடம் காய்ந்த மரம், இனிமேல் புதிதாகச் சுருங்குவதற்கு அதிகம் இல்லை. உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேங்கையும் உறுதியான மரம்தான். ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளை டைல்ஸ் ஓரத்தில் அதைப் போட்டால் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீட்டில் கறை இறங்கும். பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எப்படிப் பொருத்துவது? ஆணி அடித்தால் போதாதா?

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் அசையும். கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். நான்கு இஞ்ச் அகலத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வரலாம். நான் இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வைகாசியில், இரண்டு பக்கமும் டைல்ஸ் உள்ள வாசலில், கட்டையைச் சுத்தியலால் தட்டி இறுக்கி உட்கார வைத்தேன். ஒரு தாள்கூட நுழையாத பொருத்தம், எனக்கே பெருமையாக இருந்தது. கார்த்திகையில் கூப்பிட்டார்கள். கட்டை ஊதி, ஒரு டைலின் ஓரத்தை மூன்று விரல் நீளத்துக்குப் பெயர்த்திருந்தது. என் செலவில் அந்த டைலை மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது செய்வது இப்படி. இரண்டு முனையிலும் 2 மி.மீ., டைல்ஸ் பக்கம் 1 மி.மீ. இடைவெளி. ஸ்க்ரூக்கள் ஒரே வரிசையாக, டைல்ஸ் பக்கத்து ஓரத்துக்கு அருகில் மட்டும். தாழ்ந்த பக்கத்து விளிம்புக்கு ஸ்க்ரூ கிடையாது, அடியில் நெகிழ்வாக இருக்கும் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் பசை மட்டும். மரம் ஊதினாலும் அந்தப் பக்கம் போய்க்கொள்ளும். ஸ்க்ரூ தலையை உள்ளே அமுக்கி, அதே மரத்தில் செய்த சிறு குமிழால் மூடி, ரேகை ஒத்துப்போகும்படி ஒட்டி இழைத்துவிட்டால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சுற்றியுள்ள இடைவெளிகளை ஒத்த நிறத்துச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள், எறும்பும் தண்ணீரும் நுழையாது.

தரையில் ஓட்டை போடும் முன் அடியில் மின்குழாயோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று விசாரியுங்கள். தெரியவில்லை என்றால் ஓட்டையே வேண்டாம், சீலன்ட்டை மட்டும் வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் பாரம் ஏற்றி வையுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய இடத்தில் மரத்தை உடனே வைக்கக்கூடாது. நீர் ஊற்றும் நாட்கள் முடிந்து, நன்றாகக் காய ஒரு மாதமாவது ஆகும். கட்டையின் அடிப்பக்கத்துக்கும் பூச்சு கொடுங்கள். மேலே மட்டும் பூசினால் கீழ் வழியாக ஈரம் ஏறி, கட்டை வளையும்.

குளியலறை வாசலுக்கும் மரம் போடலாமா?

வேண்டாம், அங்கே கிரானைட். குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், கல் தண்ணீருக்கு அணை மாதிரி நிற்க வேண்டும். கல்லின் மேல்பக்கத்தை உள்நோக்கி 2 மி.மீ. சாய்த்துப் பதித்தால், கதவில் வடியும் தண்ணீர் அறைக்குள் வராமல் குளியலறைக்கே திரும்பும். விளிம்பை அரைவட்டமாக உருட்டச் சொல்லுங்கள். பளபளப்புக் கல் ஈரத்தில் வழுக்கும், சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கேளுங்கள்.

கல்லுக்கு அடியில் கலவை முழுவதும் நிரம்ப வேண்டும். நான்கு மூலையில் நான்கு கட்டி வைத்து ஒட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. காய்ந்த பிறகு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று வெற்றொலி கேட்டால் உள்ளே காலி. அங்கே தண்ணீர் தேங்கி, வாசக்காலின் அடி அழுகத் தொடங்கும். வாசக்காலின் கால்கள் கல்லின் மேல் நின்றால் இன்னும் நல்லது. தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்திருந்தால் அங்கே ஓட்டை போடவே கூடாது.

தரை உயர்ந்ததும் கதவு உரசுகிறது. எவ்வளவு வெட்டலாம்?

கதவுக்கும் கீழே உள்ள மிக உயரமான இடத்துக்கும் நடுவில் 6 முதல் 10 மி.மீ. இருந்தால் போதும். கட்டையைப் போட்ட பிறகுதான் கதவை வெட்ட வேண்டும், முன்னால் அல்ல. மரக் கதவும் ஃப்ளஷ் கதவும் அரை இஞ்ச் வெட்டினால் தாங்கும். வெட்டிய அடிப்பக்கத்தைப் பூச்சில்லாமல் விட்டுவிடாதீர்கள். பிவிசி கதவின் உள்ளே கூடு, அடியை வெட்டினால் திறந்துகொள்ளும். அதைக் கழற்றிக் கீலை உயர்த்தி மாட்ட முடியுமா என்று பாருங்கள்.

லேமினேட் மரத்தரை போட்டிருக்கிறோம். அதில் ஏதாவது வேறுபாடு உண்டா?

உண்டு. அது தரையில் ஒட்டப்படாமல், மெல்லிய நுரைத்தாள் மேல் மிதக்கும் தரை. சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள், அது விரிந்து சுருங்குவதற்கு. கட்டையின் உதடு அந்த இடைவெளியை மூடலாம், ஆனால் லேமினேட்டில் ஸ்க்ரூ போகக்கூடாது. அதைப் பிடித்துக் கட்டினால் அறை நடுவில் தரை மேலெழும்பும்.

வீட்டில் சக்கர நாற்காலி இருக்கிறது. இதே கட்டை போதுமா?

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்காக வகுத்த 2010 அணுகல் தரவிதிகளில் இதற்குத் தெளிவான எண்கள் உண்டு. கால் இஞ்ச் வரை செங்குத்தாக இருக்கலாம், கால் முதல் அரை இஞ்ச் வரை ஒன்றுக்கு இரண்டு சரிவு வேண்டும், அரை இஞ்சுக்கு மேல் போனால் அது சாய்தளம், ஒன்றுக்குப் பன்னிரண்டு. சாய்தளத்துக்கு இந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கைத்தான் நம் நாட்டுக் கட்டட விதிகளும் சொல்கின்றன.

நம் 18 மி.மீ. வாசலுக்குக் கணக்குப் போட்டால் சரிவு 216 மி.மீ., எட்டரை இஞ்ச். வாசக்காலுக்குள் அடங்காது, தாழ்ந்த அறைக்குள் நீளும். நீளட்டும். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, அதுதான் முட்டிக்கொண்டு நிற்கும். தானே ஓட்டிக்கொண்டு வருபவர் ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய நிலை வரக்கூடாது. சரிவின் இரண்டு பக்க ஓரத்தையும் சாய்த்து இழைத்துவிடுங்கள், குறுக்கே நடப்பவர் கால் தடுக்காது.

தலைவாசல் நிலைப்படியை வெட்டி எடுத்துவிடலாமா?

சக்கர நாற்காலி வந்த வீடுகளில் இந்தக் கேள்வி வருகிறது, தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற இடம், மிதிக்காமல் தாண்டிப் போகச் சொல்லி வளர்ந்த இடம். தச்சு வேலையாகப் பார்த்தாலும் அது சும்மா கிடக்கிற மரம் இல்லை. நிலையின் இரண்டு கால்களையும் கீழே பிடித்து வைத்திருப்பது அதுதான். வெட்டினால் கால்களைச் சுவரோடும் தரையோடும் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

நான் வெட்டச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளம் செய்து தருகிறேன். 75 மி.மீ. உயரப் படிக்கு ஒவ்வொரு பக்கமும் 900 மி.மீ. நீளம், மேலே சொரசொரப்பான ரப்பர் விரிப்பு. கைப்பிடிக்கு இரண்டு ஓட்டை போட்டால் ஒருவரே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், வெள்ளிக்கிழமை படியைக் கழுவி மஞ்சள் பூசலாம்.

மேலே என்ன பூச்சு?

பாதம் படும் இடம், அரக்குப் பாலிஷ் நிற்காது. பியூ பூச்சு, மங்கலான பளபளப்பில், மூன்று முறை. பளபளப்பு அதிகமானால் வழுக்கும். நிறத்தைத் தரையோடு ஒத்துப்போக வைக்கலாமா என்று கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். வெளிர் டைல்ஸ் பக்கத்தில் தேக்கு தேக்காகவே கருத்துத் தெரியட்டும், அங்கே மட்டம் மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்வை மங்கியவர் இருக்கும் வீட்டில் வாசலருகே முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இரவு விளக்கும் வையுங்கள்.

ஆசாரியிடம் கொடுத்துச் செய்யும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வெட்டிய அட்டை, அதன் மேலேயே எழுதிய மூன்று உயரங்கள், எந்தப் பக்கம் டைல்ஸ் என்ற குறி. கூடவே, வீட்டில் எல்லோரும் நடந்து பார்த்த அந்தச் சரிவுத் துண்டையும் எடுத்துப் போங்கள். ‘சரிவு இதே மாதிரி வரணும்’ என்று கையில் கொடுத்தால் வேறு படம் எதுவும் தேவைப்படாது.